கிரிம்சன் கிங்: உங்கள் சிடி எந்த டேப்பிலிருந்து வந்தது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. உங்கள் அண்ணன் 90களில் வாங்கிய, கிங் கிரிம்சன் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்' சிடி வீட்டில் இருக்கிறது. இப்போது கடையில் பார்த்தால் 40ஆம் ஆண்டுப் பதிப்பு, 50ஆம் ஆண்டுப் பதிப்பு என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றின் மேலும் 'ரீமாஸ்டர்' என்று போட்டிருக்கிறது. 1969இல் வாசித்து முடித்த இசைதானே, திரும்பத் திரும்ப இவர்கள் எதைச் சரிசெய்கிறார்கள், இது காசு பிடுங்கும் வேலையா, வாங்கினால் எதை வாங்குவது, பழைய சிடியை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மேலே பார்த்தால் விலை பற்றிய கேள்வி. ஆனால் அதன் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: அண்ணன் கேட்டதும் நீங்கள் இனி கேட்கப்போவதும் ஒரே இசையா? அதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒலிப்பதிவு வேலையில் இருக்கிறேன். அதில் பெரும்பகுதி பழைய டேப்புகளைக் கணினிக்கு ஏற்றுவது: நாகஸ்வரக் கச்சேரிகள், மேடை நாடகங்கள், கோயில் உற்சவப் பதிவுகள். ராக் இசையை நான் பதிவு செய்ததில்லை, கேட்பவன் மட்டுமே. ஆகவே டேப், ஹெட் (டேப்பில் ஒலியைப் பதிக்கும், படிக்கும் காந்த முனை), மிக்ஸிங் பற்றிச் சொல்வதை என் கை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். இந்த ஆல்பத்தின் வரலாறு பதிவாகி வெளிவந்த செய்தி. எந்தப் பதிப்பு இனிமை என்பது என் காதின் தீர்ப்பு, அதை நீங்கள் தாராளமாக மறுக்கலாம்.

குழப்பம் எல்லாம் 'ரீமாஸ்டர்' என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு வேலைகளுக்குப் பயன்படுத்துவதால் வருகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் டிரம்ஸ் ஒரு தடத்தில், பேஸ் ஒரு தடத்தில், குரல் ஒரு தடத்தில் என்று தனித்தனியாகப் பதிவாகும். அது மல்டி டிராக் டேப். அவற்றையெல்லாம் எது எவ்வளவு கேட்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று தீர்மானித்து இரண்டு தடங்களாகச் சேர்ப்பது மிக்ஸிங். அப்படிச் சேர்த்த இரண்டு தட டேப்பை எல்பிக்கோ சிடிக்கோ ஏற்றபடி பக்குவப்படுத்துவது மாஸ்டரிங். அரிசியும் உளுந்தும் தனித்தனிப் பாத்திரத்தில் ஊறுவது மல்டி டிராக். சேர்த்து அரைத்த மாவு மிக்ஸ். ரீமாஸ்டர் செய்பவர் கையில் இருப்பது மாவு. உப்புச் சேர்க்கலாம், கொஞ்சம் தண்ணீர் விடலாம், உளுந்தை மட்டும் வெளியே எடுக்க முடியாது. ரீமிக்ஸ் செய்பவரோ ஊறவைத்த பாத்திரங்களுக்கே திரும்பிப் போய்ப் புதிதாக அரைக்கிறார். உங்கள் முன்னால் இருக்கும் பதிப்புகளில் இரண்டு வகையும் இருக்கின்றன. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, உள்ளே சின்ன எழுத்தில் எந்த டேப்பிலிருந்து எடுத்தது என்று போட்டிருப்பதைப் படியுங்கள். வருடத்தை விட அதுதான் முக்கியம்.

இந்த ஆல்பத்துக்கு அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1969 ஜூலை 5 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய இலவசக் கச்சேரியில் பெருங்கூட்டத்துக்கு முன் வாசித்த கையோடு, இந்த இளைஞர்கள் வெசெக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள். ராபர்ட் ஃபிரிப் கிதார், கிரெக் லேக் பேஸும் குரலும், மைக்கேல் ஜைல்ஸ் டிரம்ஸ், இயன் மெக்டொனால்ட் சாக்ஸஃபோன், புல்லாங்குழல், மெல்லோட்ரான். பாட்டு எழுதியவர் பீட்டர் சின்ஃபீல்ட். மூடி ப்ளூஸின் தயாரிப்பாளர் டோனி கிளார்க்கோடு முதலில் தொடங்கிப் பார்த்தார்கள், சரிவரவில்லை. பிறகு தாங்களே தயாரித்துக்கொண்டார்கள். இசைக் குழுவாக உருவாகி ஒரு வருடம்கூட முடியாதவர்கள், முதல் ஆல்பத்தைப் பெரியவர் துணையில்லாமல் எட்டுத் தடக் கருவியில் செய்து முடித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது. அக்டோபர் 10 அன்று ஐலண்ட் கம்பெனி வெளியிட்டது. ஐந்தே பாட்டு, ஏறத்தாழ 44 நிமிடம்.

மெல்லோட்ரான் பற்றி ஒரு வார்த்தை. 'எபிடாஃப்' பாட்டிலும் தலைப்புப் பாட்டிலும் அலை அலையாக எழும்பும் வயலின் கூட்டம் போன்ற ஒலி இருக்கிறதே, அங்கே ஒரு வயலின்காரர்கூட இல்லை. மெல்லோட்ரான் ஆர்மோனியம் போலக் கட்டைகள் உள்ள வாத்தியம், அதன் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு துண்டு டேப் இருக்கும். அதில் நிஜ வாத்தியக்காரர்கள் வாசித்த ஒரு சுரம் பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் சுமார் எட்டு நொடி ஓடும், பிறகு நின்றுவிடும். அந்த டேப்புக்கே சொந்தமாக ஒரு 'ஸ்ஸ்' இரைச்சலும் லேசான தள்ளாட்டமும் உண்டு. அதை இவர்கள் அடுக்கடுக்காகப் பதிவு செய்து இன்னொரு டேப்பில் சேர்த்தார்கள். இந்த ஆல்பத்தின் அழுக்கில் ஒரு பகுதி அழுக்கு அல்ல, வாத்தியமே அப்படித்தான். இந்த விஷயத்துக்குப் பின்னால் திரும்ப வருகிறேன்.

விபத்து மிக்ஸிங்கில் நடந்தது. வேலை எல்லாம் முடிந்த பிறகுதான், மிக்ஸைப் பதிவு செய்த ஸ்டீரியோ டேப் கருவியின் ஹெட் சரியாகப் பொருந்தி நிற்கவில்லை என்பது தெரியவந்தது. கேசட் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். டேப் ரெக்கார்டரின் மூடிக்குள் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டித் திருகாணி இருக்கும். கேசட் மந்தமாகப் பாடினால் ஸ்க்ரூ டிரைவரால் அதை ஒரு நூல் அளவு திருப்புவோம். திரை விலகினாற்போல ஒலி பளிச்சென்று வரும். ஹெட்டின் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளி, டேப் ஓடும் திசைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முதலில் அடிபடுவது உச்ச ஒலிகள்: ஜால்ரா போன்ற சிம்பல்கள், குரலில் சகரம், புல்லாங்குழலின் மூச்சு. இந்த ஆல்பத்துக்கு நடந்ததும் அதுதான். உச்ச ஒலிகள் குறைந்தன, வேண்டாத ஒரு கரகரப்பும் சேர்ந்தது. முதல் பாட்டான '21ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்ஸாய்ட் மேன்' பாட்டில் அது அதிகம்.

அமெரிக்காவில் அட்லாண்டிக் கம்பெனி வெளியீட்டுக்காக, இந்தக் குறையைச் சரிக்கட்டி ஒரு தனி நகல் எடுத்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அனலாக் டேப்பில் ஒவ்வொரு நகலுக்கும் ஒரு விலை உண்டு. இரைச்சல் கூடும், நுணுக்கம் குறையும். அந்த நகலிலிருந்தும் அதன் நகல்களிலிருந்தும் உலகெங்கும் எல்பிகளும் பிறகு சிடிகளும் வந்தன. முதல் ஸ்டீரியோ மாஸ்டரோ எங்கோ அலமாரியில் போய், தொலைந்துவிட்டது என்றே முடிவாகிவிட்டது. 1989இல் ஃபிரிப்பும் டோனி ஆர்னால்டும் சேர்ந்து ரீமாஸ்டர் செய்ததும், 1999இல் 30ஆம் ஆண்டையொட்டி சைமன் ஹேவொர்த் செய்ததும் கிடைத்த நகல் டேப்புகளை வைத்துத்தான். உங்கள் அண்ணனுடைய சிடி 90களில் வாங்கியது என்றால் அனேகமாக இந்த 1989 பதிப்பாக இருக்கும். அதன் சிம்பல்கள் போர்வைக்குள் இருந்து கேட்பது போல உங்களுக்குத் தோன்றியிருந்தால், குறை உங்கள் ஸ்பீக்கரில் இல்லை.

2000களின் தொடக்கத்தில் அந்த முதல் மாஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதிலிருந்து 2004இல் ஹேவொர்த் மறுபடி மாஸ்டர் செய்தார். 'ஒரிஜினல் மாஸ்டர் எடிஷன்' என்று அதற்குப் பெயர். நான் முதல்முறை இதைக் கேட்டது இரவு வேளையில், ஹெட்ஃபோனில். 'ஐ டாக் டு த விண்ட்' பாட்டில் புல்லாங்குழல் நுழையும் இடத்தில் கையை நிறுத்திவிட்டேன். பதினேழு வயதிலிருந்து கேட்ட பாட்டு. வாசிப்பவர் மூச்சு இழுப்பது அன்றுதான் காதில் விழுந்தது. 1969இன் அதே மிக்ஸ், அதே தீர்மானங்கள், நடுவில் இருந்த நகல்கள் மட்டும் நீங்கின. ரீமாஸ்டர் என்ற சொல்லுக்கு நான் மரியாதை கொடுப்பது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

2009இல் நடந்தது வேறு வேலை. போர்க்குபைன் ட்ரீ குழுவின் ஸ்டீவன் வில்சன், ஃபிரிப்போடு சேர்ந்து மல்டி டிராக் டேப்புகளுக்கே போய் முழு ஆல்பத்தையும் புதிதாக மிக்ஸ் செய்தார், ஸ்டீரியோவிலும், கேட்பவரைச் சுற்றி ஸ்பீக்கர்கள் வைத்துக் கேட்கும் 5.1 சரவுண்டிலும். சாய்ந்த ஹெட்டின் பிரச்சினை மிக்ஸைப் பதிவு செய்யும் கட்டத்தில் வந்தது என்பதால், மல்டி டிராக்குக்குப் போகும்போது அது தானாகவே ஒழிகிறது. டிரம்ஸ் தோல் அதிர்வது கேட்கிறது, பேஸ் எங்கே நிற்கிறது என்று சுட்டிக்காட்ட முடிகிறது. வில்சனின் வேலை முறையிலும் எனக்கு நம்பிக்கை உண்டு. முதலில் பழைய மிக்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்தையும் அப்படியே பிரதி எடுப்பார், அதன் பிறகுதான் துலக்குவார். தன் மிக்ஸ்களை மாஸ்டரிங் கட்டத்தில் நசுக்கி, அதாவது மெல்லிய ஒலிக்கும் பலத்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்து, சத்தம் கூட்டவும் விடுவதில்லை.

ஆனாலும் அது 1969இன் ஆவணம் அல்ல. 'மூன்சைல்ட்' பாட்டைப் பாருங்கள். 12 நிமிடம் ஓடும் அதில் பாட்டு என்று இருப்பது முதல் இரண்டரை நிமிடம்தான். மீதி முழுக்க வைப்ரஃபோனும் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது) கிதாரும் சிம்பலும் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும் மனோதர்ம வாசிப்பு. 2009 மிக்ஸில் அதை ஏறக்குறைய மூன்று நிமிடம் வெட்டிவிட்டார்கள். ஃபிரிப்பின் சம்மதத்தோடு நடந்தது, முழு வடிவத்தை அதே பதிப்பில் கூடுதலாகவும் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் எனக்கு ஒப்பவில்லை. அந்த நீளம் பலருக்குப் பொறுமையைச் சோதிக்கலாம், ஆனால் அதைத் தாண்டி வந்தபின் தலைப்புப் பாட்டின் மெல்லோட்ரான் இடித்து எழும்பும்போது கிடைக்கும் நிம்மதி, காத்திருந்தவனுக்கு மட்டும் கிடைப்பது. ராகம் பாடுவதைச் சுருக்கிவிட்டு நேராகக் கீர்த்தனைக்கு வந்தால் நேரம் மிச்சம்தான். கீர்த்தனையின் கனம் குறைந்துவிடும்.

இரைச்சல் நீக்குவது பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். இங்கே என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் 60களின் நாகஸ்வர டேப் ஒன்றைச் சுத்தம் செய்யக் கொடுத்தார்கள். இரைச்சல் பலமாக இருந்தது. மென்பொருளில் இரைச்சலின் மாதிரி எடுத்துத் துடைத்துத் துடைத்துப் பளிங்கு போல ஆக்கினேன். வித்வானின் மகன் வந்து கேட்டார். ஐந்து நிமிடம் பேசவில்லை. "எல்லாம் நல்லா இருக்கு தம்பி, அப்பாவோட மூச்சு மட்டும் காணோம்" என்றார். சீவாளிக்குள் காற்று போகும் ஒலியும் டேப்பின் இரைச்சலும் ஒரே அலைவரிசைப் பகுதியில் இருந்தன. ஒன்றைத் துடைத்தபோது மற்றதும் போயிருந்தது. வேலையை முதலிலிருந்து செய்துகொடுத்தேன். இந்த ஆல்பத்திலும் அதே ஆபத்து உண்டு. மெல்லோட்ரானின் 'ஸ்ஸ்' அந்த வாத்தியத்தின் மூச்சு. முதல் பாட்டில் கிரெக் லேக்கின் குரல் கிழிந்து கேட்பது வேண்டுமென்றே செய்தது. அதே பாட்டில் ஹெட் கோளாறால் வந்த கரகரப்பு வேண்டாமல் நேர்ந்தது. இரண்டையும் பிரித்தறிய எந்தக் கருவியும் உதவாது, ஆல்பத்தை நேசித்துப் பலமுறை கேட்ட காது வேண்டும். 2004 பதிப்பிலும் 2009 பதிப்பிலும் இந்த எல்லையை மதித்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

நீண்ட, சிக்கலான இசையமைப்பை நாடிய ப்ராக் ராக் வகையின் மற்ற ஆல்பங்களுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்தலாமா என்றால், ஒவ்வொன்றின் டேப் கதையும் வேறு. ஜெத்ரோ டல்லின் 'அக்வாலங்' 1971இலிருந்தே மந்தமான ஒலிக்குப் பெயர்போனது. 2011இல் வில்சன் செய்த ரீமிக்ஸ் அதற்கு மறுபிறவி என்றே சொல்வேன். ஜெனிசிஸ் குழுவின் ஆல்பங்களை 2007 வாக்கில் ரீமிக்ஸ் செய்தபோது சத்தத்தை ஒரே மட்டத்துக்கு ஏற்றிவிட்டார்கள் என்று ரசிகர்கள் பலர் வருந்தினார்கள். நானும் பழைய பதிப்புகளையே கேட்கிறேன். எமர்சன், லேக் அண்ட் பால்மரின் முதல் ஆல்பத்தில் சில பாட்டுகளின் மல்டி டிராக் டேப்புகள் கிடைக்காததால், 2012 ரீமிக்ஸில் அவற்றைப் புதிதாக மிக்ஸ் செய்ய முடியாமலே போனது. டேப் இருந்தால்தான் எல்லாம். ஒரு சின்ன விநோதம்: பழைய டேப் என்றால் அதிகம் கெட்டிருக்கும் என்று நினைப்போம். என் கையில் பெரும் தொல்லை கொடுத்தவை 70களின் நடுவிலிருந்து 80கள் வரை வந்த சில அமெரிக்க டேப்புகள். அவற்றின் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும்; ஐம்பது டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வாட்டி எடுத்தால்தான் ஒருமுறை ஓடும். 60களின் டேப் பலமுறை மாட்டியவுடன் ஒழுங்காக ஓடியிருக்கிறது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்று விற்கும் உயர்தர வடிவம் சிடியைவிடக் காதுக்கு மேலானதா? பதிவு செய்யும்போதும் திருத்தும்போதும் 24 பிட் அவசியம், அதில் சந்தேகமில்லை. முடிந்த பொருளைக் கேட்கும்போது, ஒரே மாஸ்டரிலிருந்து எடுத்த இரண்டையும் பெயர் மறைத்து எனக்குப் போட்டால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இளம் காது உள்ள என் உதவியாளராலும் முடியவில்லை. எல்பிதான் உண்மையான ஒலி என்பவர்களோடும் நான் சண்டைக்குப் போவதில்லை. ஐலண்டின் இளஞ்சிவப்பு லேபிள் போட்ட முதல் பதிப்பை (பட்டியல் எண் ஐஎல்பிஎஸ் 9111) நண்பர் வீட்டில் கேட்டிருக்கிறேன், அற்புதமாக இருந்தது. ஆனால் 'மூன்சைல்ட்' மெல்லிய பகுதியில் ஊசியின் சடசடப்பு அந்த வாசிப்போடு போட்டி போட்டது. 2020இல் வந்த 26 தட்டுப் பெட்டியில், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ் மிக்ஸும் இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய ஸ்பீக்கர் அமைப்பு என்னிடம் இல்லாததால் அதைப் பற்றி நான் பேசுவது முறையல்ல.

எதை வாங்கினாலும் ஒப்பிடும்போது ஒரு விஷயம் மட்டும் தவறாமல் செய்யுங்கள். இரண்டு பதிப்புகளையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பதைக் காது எப்போதும் 'நல்லது' என்று எடுத்துக்கொள்ளும். எங்களையே அது ஏமாற்றும். கேட்க வேண்டிய இடங்கள் மூன்று. முதல் பாட்டின் தொடக்கத்தில் அரை நிமிடம் மங்கலாக ஓடும் ஒலி. வால்யூமைக் கூட்டாமல் அதற்கும் குழு பாய்ந்து வரும் கணத்துக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அந்தத் தூரம் குறைந்திருந்தால் யாரோ நசுக்கியிருக்கிறார்கள். 'எபிடாஃப்' நடுவில் ஜைல்ஸின் சிம்பல். அது உலோகமா, இரைச்சலா? கடைசியாக 'மூன்சைல்ட்' பின்பாதி. வாத்தியங்கள் ஓய்ந்த இடத்தில் அறையின் காற்று தெரிகிறதா, அல்லது ஒலியே துண்டித்தாற்போல் இருக்கிறதா?

உங்கள் பணப்பைக்கு என் யோசனை: பெரிய பெட்டி வேண்டாம். 40ஆம் ஆண்டையொட்டி 2009இல் வந்த இரட்டை சிடிப் பதிப்பைத் தேடுங்கள். அதில் ஒரு தட்டில் புதிய மிக்ஸ், இன்னொன்றில் 2004 மாஸ்டர் இரண்டுமே இருக்கின்றன. ஆவணமும் துலக்கமும் ஒரே விலையில் வந்துவிடும். கேட்கும் வரிசையையும் சொல்கிறேன்: முதலில் 2004, ஒரு வாரம் அதையே. பிறகு 2009. தலைகீழாகப் போனால் புதியதின் தெளிவு பழையதைக் குறையுள்ளதாகக் காட்டிவிடும்.

அண்ணனின் சிடியைத் தூக்கிப் போடாதீர்கள். 1969இல் குறையோடு வெளிவந்து, நகலுக்கு நகலாக உலகம் சுற்றி, ஆயிரக்கணக்கானவர்களின் மனத்தில் ஏறியது அந்த ஒலிதான். உங்கள் அண்ணன் ரசித்த பாட்டு அதில்தான் இருக்கிறது. ஆனால் 90களின் சிடிகளில் சில, அலுமினியப் பூச்சு அரித்து ஓரத்திலிருந்து பழுப்பேறத் தொடங்கியிருக்கின்றன. விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் தள்ளிப்போடாமல், ஒலி இழப்பில்லாத ஃப்ளாக் வடிவில் கணினியில் ஏற்றி இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள். புள்ளிகள் தெரியாவிட்டாலும் இந்த வாரமே ஏற்றிவிடுவது நல்லது.